நிலத்தைப் பார்க்குமுன் கவுண்டியைப் பாருங்கள்

2021 பிப்ரவரி 15 அதிகாலை இரண்டு மணிக்கு, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டினில் எங்கள் வீட்டில் மின்சாரம் நின்றது. திரும்பி வந்தது மூன்றாம் நாள் இரவு. அதற்குள் குழாயிலும் தண்ணீர் நின்றுவிட்டது. அலமாரியில் 40 பவுண்டு பொன்னி அரிசி, ஆறு மாதத்துக்கான துவரம்பருப்பு, மாமியார் கொடுத்தனுப்பிய வற்றல், வடகம் எல்லாம் இருந்தன. உலை வைக்கத்தான் தண்ணீர் இல்லை. கொல்லையில் கிடந்த பனியை அள்ளிவந்து, கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து உருக்கினேன். குண்டான் நிறையப் பனி உருகினால் அடியில் நான்கு டம்ளர் தண்ணீர் நிற்கும். என் இரண்டு பிள்ளைகளும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்தக் குண்டானையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆண்டே, தற்சார்பாக வாழ நிலம் தேடத் தொடங்கினோம். பதினான்கு மாதம், நான்கு கவுண்டி, இருபத்துமூன்று இடங்கள். கடைசியில் 2022 கோடையில் பாஸ்ட்ராப் கவுண்டியின் கிழக்குப் பக்கத்தில் 11 ஏக்கர் வாங்கினோம். கிணறு, கோழி, காய்கறி, ஐந்து ஆடு என்று இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படி இடம் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எங்களைப் பார்த்துப் பலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

தேடுகிறவர்கள் பெரும்பாலும் நிலத்தைத்தான் பார்க்கிறார்கள். ஓக் மரம், சின்னக் குளம், மாலை வெயிலில் மேயும் மான். நிலத்தில் இருக்கும் குறையைப் பணத்தாலும் உழைப்பாலும் ஓரளவு சரிசெய்துவிடலாம். கவுண்டியில் இருக்கும் குறையை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே கவுண்டியை முதலில் தேர்ந்தெடுங்கள், நிலம் இரண்டாவது.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக: கவுண்டி என்பது நம் தாலுகாவுக்கும் மாவட்டத்துக்கும் இடைப்பட்ட ஒன்று. டெக்சஸில் மட்டும் 254 இருக்கின்றன. ஷெரிப், கிராமச் சாலை, பத்திரப் பதிவு எல்லாம் அதன் பொறுப்பு. இப்படி வாழும் இடத்தை இங்கே 'ஹோம்ஸ்டெட்' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அரசு இலவசமாக நிலம் தரும் என்று சிலர் நினைக்கிறார்கள். 160 ஏக்கர் கொடுத்த 1862ஆம் ஆண்டுச் சட்டம் டெக்சஸுக்குப் பொருந்தவே இல்லை. இங்கே பொது நிலம் மத்திய அரசின் கையில் இல்லாமல் மாநிலத்திடமே இருந்தது. இன்று டெக்சஸ் வரிச் சீட்டில் அந்தச் சொல் வந்தால், நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடைக்கும் வரிச் சலுகை என்று பொருள். நாம் பேசுவது தற்சார்பாக வாழ ஏற்ற ஓர் இடத்தைப் பற்றி.

முதல் வேலையை வீட்டு மேசையிலேயே செய்யலாம். அந்தக் கவுண்டியின் மோசமான வாரங்களைப் பட்டியல் போடுங்கள். சராசரி மழை, சராசரி வெப்பம் எல்லாம் பிறகு. தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா, புயல், வெள்ளம், ஆலங்கட்டி மழை என நடந்தவற்றைக் கவுண்டி வாரியாகப் பதிந்து வைத்திருக்கிறது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் பேரிடர் அறிவிப்புகளும் கவுண்டி வாரியாகத்தான் வருகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

பாஸ்ட்ராப்புக்கு நான் எழுதிய பட்டியல் இது. 2011 செப்டம்பர் 4: காட்டுத்தீ, 34,000 ஏக்கர், 1,600க்கும் மேற்பட்ட வீடுகள், இரண்டு உயிர்கள். 2015 மே: பெருமழை, மாநிலப் பூங்காவின் ஏரிக்கரை உடைந்தது. அதே ஆண்டு அக்டோபர்: ஸ்மித்வில் அருகே மறுபடியும் தீ, 4,500 ஏக்கர். 2017 ஆகஸ்ட்: ஹார்வி புயல், கொலராடோ ஆற்றில் வெள்ளம். (இது டெக்சஸின் கொலராடோ ஆறு, கிராண்ட் கேன்யன் வழியாகப் போகும் ஆறு வேறு.) 2021 பிப்ரவரி: உறைபனி, மின்வெட்டு. 2022 ஜனவரி: காய்ந்த சருகைக் குறைக்கப் பூங்கா நிர்வாகமே திட்டமிட்டு வைத்த தீ கைமீறிப் பரவியது. ஒரே ஆண்டில், ஐந்து மாத இடைவெளியில், வெள்ளமும் தீயும் வந்த ஊர் என்று அந்தத் தாளைப் பார்த்ததும் தெரிந்தது. என் கணவர் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, "வேறு கவுண்டி பார்ப்போம்" என்றார்.

பார்த்தோம். ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு தாள் நிரம்பியது. மோசமான வாரம் இல்லாத கவுண்டி கிடையாது. வரும் ஆபத்து தெரிந்த ஆபத்தா, அதற்கு ஒரு குடும்பம் தன் கையால் ஏதாவது செய்ய முடியுமா என்று எடைபோடுவதே நம் வேலை. தீக்கு எதிராக நான் மரம் வெட்டலாம், கூரை மாற்றலாம். வற்றிப்போன நிலத்தடி நீருக்கு எதிராக என்னால் ஒன்றும் செய்ய இயலாது. அந்த ஒரு கணக்குதான் எங்களைத் திரும்ப பாஸ்ட்ராப்புக்கே கொண்டுவந்தது.

ஃபெமா எல்லா கவுண்டிக்கும் ஓர் ஆபத்துக் குறியீடு வெளியிடுகிறது. அதைப் பாருங்கள், ஆனால் அந்த ஒற்றை எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது பெரிதும் பண நட்டத்தை வைத்துப் போடும் கணக்கு. வீடுகள் நெருங்கிய கவுண்டியில் நட்டம் அதிகம், ஆகவே எண் அதிகம். ஆளில்லாத கவுண்டியில் எண் குறைவாகத் தெரியும். அங்கே ஆபத்து குறைவு என்று அதற்குப் பொருளில்லை. உள்ளே போய், தீ, வெள்ளம், சூறாவளி, வறட்சி என்று தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

இனி தண்ணீர். நான் மற்ற எதைவிடவும் இதில்தான் அதிக நாள் செலவிட்டேன்.

என் அப்பா கோவில்பட்டிப் பக்கம் மானாவாரி விவசாயி. நான் நிலம் பார்க்கிறேன் என்றதும் விலையை அவர் கேட்கவில்லை. "தாயி, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் கோடையில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று கேட்டுச் சொல்" என்றார். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே நான் மூன்று கவுண்டிகளை ஒதுக்கினேன்.

டெக்சஸில் கிணறு தோண்டும் ஒவ்வொருவரும் அரசுக்கு அறிக்கை தர வேண்டும். எத்தனை அடி போனார்கள், எந்த ஆழத்தில் மணல், எந்த ஆழத்தில் களி, தண்ணீர் எங்கே நின்றது, நிமிடத்துக்கு எத்தனை கேலன் வந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். மாநில நீர் மேம்பாட்டு வாரியத்தின் இணைய வரைபடத்தில் நீங்கள் பார்க்கும் நிலத்தைச் சுற்றி மூன்று மைலுக்குள் இருக்கும் கிணறுகளை ஒவ்வொன்றாகத் திறந்து படியுங்கள். இரண்டு எண்களைத் தனியே எழுதுங்கள்: கிணற்றின் ஆழம், தண்ணீர் நிற்கும் மட்டம். ஆழம் பணத்தைச் சொல்லும். மட்டம்தான் மின்சாரம் இல்லாத நாளில் உயிரைச் சொல்லும். எங்கள் கிணறு 380 அடி ஆழம், ஆனால் தண்ணீர் 130 அடியிலேயே நிற்கிறது. அதனால் மோட்டாரோடு சேர்த்து அதே குழாயில் ஆழ்கிணற்றுக் கைப்பம்பு ஒன்றையும் இறக்க முடிந்தது. மேலே இருந்து உறிஞ்சும் சாதாரணக் கைப்பம்பு 25 அடிக்குக் கீழே எதையும் எடுக்காது. அதை வாங்கிவைத்து நிம்மதியாக இருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும்.

பிறகு, அதே பகுதியில் பத்து ஆண்டுக்கு முன் தோண்டிய கிணற்றையும் சென்ற ஆண்டு தோண்டிய கிணற்றையும் ஒப்பிடுங்கள். மட்டம் இறங்கிக்கொண்டே வருகிறதா? நாங்கள் முதலில் ஆசைப்பட்டது ஆஸ்டினுக்கு மேற்கே இருக்கும் மலைப்பகுதி. கண்ணுக்கு அவ்வளவு அழகு. சுண்ணாம்புப் பாறைமேல் நாலு விரற்கடை மண். விம்பர்லி அருகே ஜேக்கப்ஸ் வெல் என்று ஓர் ஊற்று இருக்கிறது; பாறைக்குள்ளிருந்து காலங்காலமாகப் பொங்கிக்கொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டு, பதிவுகள் தெரிந்தவரை முதன்முறையாக, அது நின்றது. அதன்பின் பல கோடைகளில் நின்றிருக்கிறது. நான் பார்த்த அன்றும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மேற்கைக் கைவிட்டோம்.

பாஸ்ட்ராப்புக்கு அடியில் கரிசோ-வில்காக்ஸ் என்ற மணற்படிவ நீர்த்தேக்கம். நல்ல நீர், நிறைய நீர். இரும்புச் சத்து மட்டும் அதிகம். வடிகட்டி இல்லாமல் வேட்டி துவைத்தால் மூன்றாவது துவையலில் செம்மண் நிறம் ஏறிவிடும். ஆனால் நல்ல நீர் இருக்கும் இடத்தில் நகரத்தின் கண்ணும் இருக்கும். டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1904இல் ஒரு ரயில்வே வழக்கில் கொடுத்த தீர்ப்பின்படி, தன் நிலத்துக்கு அடியில் கிடைப்பதை இறைத்துக்கொள்வது உரிமையாளரின் உரிமை. பக்கத்துக் கிணறு வற்றினாலும் பொதுவாக அவர் பொறுப்பல்ல. ஒரு கவுண்டி தள்ளியிருக்கும் பர்லசன் கவுண்டியிலிருந்து சான் அன்டோனியோவுக்கு 142 மைல் நீளக் குழாய் போட்டு 2020 முதல் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். அந்தப் பக்கத்தில் வீட்டுக் கிணறுகளின் மட்டம் இறங்கி, மோட்டாரைக் கீழே இறக்க வேண்டிவந்தது.

இந்த உரிமைக்குக் கடிவாளம் போடுவது நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு மாவட்டம் என்ற அமைப்பு. பாஸ்ட்ராப், லீ இரண்டு கவுண்டிகளுக்கும் சேர்த்து லாஸ்ட் பைன்ஸ் மாவட்டம் இருக்கிறது. எல்லா கவுண்டியிலும் இது கிடையாது. இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதன் கூட்டத்துக்கு ஒரு மாலை போய் உட்காருங்கள். யார் எவ்வளவு நீர் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள் என்பது அங்கே தெரியும். வேறு எங்கும் அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. இன்னொன்றும் உண்டு. மாநிலச் சட்டப்படி 10 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், நாளொன்றுக்கு 25,000 கேலனுக்கு மேல் எடுக்க முடியாத வீட்டுக் கிணற்றுக்கு அனுமதி வாங்குவதிலிருந்து விலக்கு கிடைக்கிறது. நாங்கள் எட்டு ஏக்கரில் நிற்காமல் பதினொன்றுக்குப் போனது அதனால்தான்.

மழைநீரையும் கணக்கில் சேருங்கள். பாஸ்ட்ராப்பின் ஆண்டு மழை சுமார் 36 அங்குலம். தமிழ்நாட்டின் சராசரியும் ஏறக்குறைய இதுதான். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் மழை பெய்தால் 600 கேலன் கிடைக்கும். எங்கள் தகரக் கூரை 2,000 சதுர அடி. வழிந்தது, ஆவியானது போக ஆண்டுக்கு 35,000 கேலன் பிடிக்கலாம். இரண்டு பேர் சிக்கனமாகப் புழங்க அது காணும். ஆனால் 2011ஐ மறக்காதீர்கள். மாநில வரலாற்றிலேயே மிக வறண்ட ஆண்டுகளில் ஒன்று அது. ஆஸ்டினில் 90 நாள் வெப்பம் 100 பாரன்ஹீட்டைத் தொட்டது. அப்படி ஓர் ஆண்டில் கூரை மட்டும் காப்பாற்றாது. கிணறும் கூரையும் சேர்ந்துதான் காப்பாற்றும்.

மண்ணுக்கு வருகிறேன். வேளாண் துறையின் இணைய மண் வரைபடத்தில் எந்த நிலத்தைச் சுற்றிக் கோடு போட்டாலும் மண் வகை, வடிகால், செப்டிக்குக்கு ஏற்றதா என்பது வரை சொல்லும். அதைப் பார்த்துவிட்டு நேரில் போங்கள். பாஸ்ட்ராப்பின் மேற்கே, எல்ஜின் பக்கம், கரிசல். நம் ஊர்க் கரிசலேதான்: கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். பயிருக்கு வளமான மண். ஆனால் வீட்டு அஸ்திவாரத்தை அது சும்மா விடாது, செப்டிக் நீரை உறிஞ்சாது. கிழக்கே பைன் மரக் காட்டுப் பக்கம் மணல்.

நாங்கள் வாங்கிய நிலத்தில் முதல் நாள் ஒன்றரை அடிக் குழி தோண்டினேன். அப்பா வீடியோ அழைப்பில் இருந்தார். "மேல்மண் வேண்டாம், குழியின் அடியிலிருந்து எடு. தண்ணீர் தெளித்துப் பிசை. இப்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கி நாடாவாகத் தள்ளு" என்றார். மேல்மண் நாடாவாக வரவே இல்லை, உதிர்ந்தது. அடிமண் மூன்று அங்குலம் நீண்டு, பளபளப்பாக, அறுந்துவிழாமல் தொங்கியது. இரண்டு அங்குலத்துக்கு மேல் நாடா நீண்டால் களி. "மேலே மணல், கீழே களி. மழை பெய்தால் வேர் மிதக்கும், ஒரு வாரம் வெயில் அடித்தால் வாடும். மேட்டுப்பாத்தி போடு" என்று முடித்துவிட்டார். பின்னாளில் காலேஜ் ஸ்டேஷன் ஊரில் உள்ள பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்பிய மண் பரிசோதனை அமிலத் தன்மையையும் பாஸ்பரஸையும் சொன்னது. மேட்டுப்பாத்தியை அது சொல்லவில்லை.

வரைபடத்திலும் மண்ணிலும் எவ்வளவு ஆராய்ந்தாலும், அந்தக் கவுண்டியில் மக்கள் உண்மையில் என்ன வளர்க்கிறார்கள் என்பதைவிட நல்ல சான்று இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் வேளாண் கணக்கெடுப்பைக் கவுண்டி வாரியாகப் படியுங்கள். பாஸ்ட்ராப்பில் மாடும் வைக்கோலும்தான் பெரும்பகுதி. புல்லுக்கு ஏற்ற பூமி, காய்கறிக்கு நாம் மண்ணைக் கட்டியெழுப்ப வேண்டும் என்று அதற்கு அர்த்தம். வெண்டை, காராமணி, கத்திரி, கொத்தவரை நான்கும் இந்த வெயிலில் தழைக்கின்றன. தக்காளி ஜூலையில் நின்றுவிடும். மார்ச்சில் ஒரு போகம், ஆகஸ்ட் இறுதியில் நட்டு இன்னொரு போகம் எடுக்கிறேன். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் சராசரிக் குளிரைப் பார்த்துப் பயனில்லை, மிக மோசமான குளிரைத்தான் பார்க்க வேண்டும். அந்த 2021 பிப்ரவரியில் வெப்பம் பாரன்ஹீட்டில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. ஆஸ்டின் வீட்டில் பதினோரு ஆண்டு வளர்த்த முருங்கை வேரோடு போனது. ஆகவே குளிர் மண்டல வரைபடத்தைப் பார்த்து மரம் வையுங்கள், ஆனால் உணவுக்கு அந்த மரத்தை நம்பியிருக்காதீர்கள்.

தீயைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டும், பாஸ்ட்ராப்புக்கு அது உயிர்ப் பிரச்சினை. 2011 தீ வந்த வழி இது: மாதக்கணக்கில் மழையில்லை, கிழக்கே லூசியானாவில் கரை சேர்ந்த லீ புயல் ஈரத்தைத் தராமல் வறண்ட காற்றை மட்டும் இழுத்துவிட்டது, மரங்கள் மின்கம்பிமேல் சாய்ந்தன. அதாவது புயல் எங்கோ இருக்க, தீ இங்கே. மாநில வனச் சேவையின் இணைய வரைபடத்தில் உங்கள் நிலத்தின் தீ ஆபத்தைப் புள்ளி வைத்துப் பார்க்கலாம். அதோடு நிலத்திலிருந்து வெளியேறும் சாலைகளை எண்ணுங்கள். ஒரே வழி உள்ள இடம் எங்களுக்குப் பிடித்த இடங்களில் ஐந்து இருந்தன. ஐந்தையும் விட்டோம். வீட்டைச் சுற்றி ஐந்தடிக்கு எரியும் பொருள் எதுவும் இல்லாமலும், முப்பதடிக்கு மரக்கிளைகள் ஒன்றையொன்று தொடாமலும் வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பைன் காட்டுக்குள் மரம் வெட்டுமுன் கவுண்டியிடம் கேளுங்கள். ஹூஸ்டன் தேரை என்ற அழிவின் விளிம்பில் உள்ள உயிருக்கு அது வாழிடம், அதைக் காக்கும் திட்டத்தின் எல்லைக்குள் உங்கள் நிலம் வரலாம். வசந்த காலத்தில் அதன் நீண்ட, மெல்லிய குரலை ஒருமுறை கேட்டால் அந்த விதி உங்களுக்குச் சுமையாகத் தெரியாது.

இங்கே ஒரு குறுக்குவழி சொல்கிறேன். விலை பேசுமுன், அந்த முகவரியைக் கொடுத்து வீட்டுக் காப்பீட்டுக்கு விலைப்புள்ளி கேளுங்கள். தீயணைப்பு நிலையம் சாலை வழியே ஐந்து மைலுக்குள் இருக்கிறதா, அந்தப் பகுதியின் தீப்பாதுகாப்புத் தரம் ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை என்பதை அவர்கள் உங்களுக்காகப் பார்த்துவிடுவார்கள். பத்து என்றால் பாதுகாப்பே இல்லை என்று பொருள். ஓர் இடத்துக்கு மூன்று நிறுவனங்கள் காப்பீடு தர மறுத்தன. தரகர் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. அன்றே அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம்.

வெள்ளத்துக்கு ஃபெமாவின் வரைபடம் உண்டு. 'நூறாண்டு வெள்ளம்' என்றால் நூறாண்டுக்கு ஒருமுறை என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்டுதோறும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. முப்பதாண்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் அது நான்கில் ஒன்றுக்கும் மேல். அத்துடன் வரைபடத்தின் தேதியைப் பாருங்கள். 2018இல் நோவா டெக்சஸின் மழைக் கணக்கைத் திருத்தியது. ஆஸ்டின் பகுதியில் நூறாண்டு மழை என்பது ஒரு நாளைக்கு 10 அங்குலத்திலிருந்து 13 அங்குலம் ஆனது. அதற்கு முந்திய வரைபடத்தில் கோட்டுக்கு வெளியே இருக்கும் வீடு உண்மையில் உள்ளேயே இருக்கலாம். 2025 ஜூலை 4 விடியற்காலை கெர் கவுண்டியில் குவாடலூப் ஆறு முக்கால் மணி நேரத்தில் 26 அடி உயர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். ஆற்றங்கரை நிலத்தை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம். உங்களுக்கும் வேண்டாம் என்றே சொல்வேன்.

நல்ல மழை பெய்த மறுநாள் நிலத்துக்கு வண்டியில் போய்ப் பாருங்கள். வழியில் எத்தனை தரைப்பாலம், எதன் அருகே நீர்மட்ட அளவுகோல் நட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அளவுகோல் நட்டிருந்தால் அங்கே தண்ணீர் ஏறும் என்று கவுண்டியே ஒப்புக்கொண்டிருக்கிறது.

மின்சாரம். டெக்சஸின் பெரும்பகுதி எர்காட் என்ற தனி மின்வலையில் இருக்கிறது; வெளி மாநிலங்களிலிருந்து பெரிதாக உதவி பெற வழியில்லை. 2021இல் மாநிலக் கணக்குப்படியே 246 பேர் இறந்த அந்த வாரத்தில், வேறு வலைகளில் இருக்கும் எல் பாஸோவும் கிழக்கு ஓரக் கவுண்டிகள் சிலவும் பெருமளவு தப்பின. இது கவுண்டி எல்லையை வைத்தே தெரிந்துகொள்ளக்கூடிய செய்தி. எங்களால் வேலையை விட்டு அவ்வளவு தூரம் போக முடியாது, ஆகவே கிணற்று மோட்டாரை இழுக்கும் அளவுக்கு ஜெனரேட்டர் வாங்கினோம். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ மின்சாரம் இழுக்கும். அந்தக் கணக்கில் வாங்குங்கள்.

மருத்துவமனையைத் தூரத்தால் அளக்காமல் நேரத்தால் அளங்கள். நான் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆம்புலன்ஸ் வர, சின்ன மருத்துவமனையிலிருந்து பெரியதற்கு மாற்ற, ஸ்கேன் எடுக்க என்று நேரம் கரைவதை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, ஹைவே 71இல் நெரிசல் உச்சத்தில் இருக்கும்போது, நிலத்திலிருந்து ஆஸ்டினுக்கு நாங்களே ஓட்டிப் பார்த்தோம். வயதான பெற்றோர் உங்களோடு இருக்கப் போகிறார்கள் என்றால் இதைத் தண்ணீருக்கு அடுத்த இடத்தில் வையுங்கள்.

காகித வேலை. நம் ஊரில் வில்லங்கம் பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை; இங்கே வந்ததும் அதை மறந்துவிடுகிறோம். டெக்சஸில் நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும் அடியில் உள்ள கனிமம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். கனிம உரிமைக்காரருக்கு எண்ணெய் எடுக்கத் தேவையான அளவு மேற்பரப்பைப் பயன்படுத்தும் உரிமை உண்டு. கவுண்டி எழுத்தர் அலுவலகத்தில் பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். கவுண்டிக்கு நிலப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பொதுவாக இல்லை. நீங்கள் கோழி வளர்க்கக் கவுண்டியின் அனுமதி வேண்டாம். பக்கத்தில் ஒருவர் மணல் குவாரி போடுவதையும் கவுண்டி தடுக்காது. பத்திரத்திலேயே ஆடு, கோழி கூடாது என்று நிபந்தனை எழுதிய மனைப்பிரிவுகளும் இருக்கின்றன.

வரி: மாநில வருமான வரி இல்லை, நில வரி அதிகம். பயிர், மேய்ச்சல் நிலமாக மதிப்பிட்டால் வெகுவாகக் குறையும். அதற்கு முந்தைய ஏழு ஆண்டில் ஐந்து ஆண்டு வேளாண்மை நடந்திருக்க வேண்டும். 5 முதல் 20 ஏக்கர் வரை தேனீப் பெட்டி வைத்தும் தகுதி பெறலாம். விற்பவரிடம் அந்த மதிப்பீடு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நிலத்தின் பயன்பாட்டை மாற்றினால் மூன்றாண்டு வரி வித்தியாசத்தைக் கட்ட வேண்டிவரும்.

மனிதர்களைப் பற்றி எந்த வரைபடமும் சொல்லாது. நான் செய்தது: மாட்டுத் தீவனக் கடையில் ஒரு சனிக்கிழமை காலை முழுக்க நின்றேன். தன்னார்வத் தீயணைப்புப் படை நடத்திய விருந்துக்குப் போய், கறி வேண்டாம், உருளைக்கிழங்கு சாலடும் பீன்ஸும் போதும் என்று தட்டை நீட்டினேன். எதிரில் உட்கார்ந்திருந்த எழுபது வயது அம்மாள், 2011இல் தன் வீடு எரிந்ததைச் சொன்னார். திரும்பக் கட்டும்வரை பதினான்கு மாதம் பக்கத்து வீட்டுக்காரரின் கொட்டகையில் இருந்தாராம். "யார் வீட்டில் கிணறு, யார் வீட்டில் ஜெனரேட்டர், யாருக்கு இன்சுலின் குளிரில் வைக்க வேண்டும், எல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்றார். எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். நாங்கள் அப்போது நிலம் வாங்கியிருக்கவே இல்லை. இதுபோல் ஒரு நோட்டு இருக்கும் கவுண்டியா என்று விசாரியுங்கள். கிராம நூலகத்தில் கேட்டால் தெரியும், வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் கேட்டாலும் தெரியும்.

கையெழுத்துப் போடுமுன் கடைசியாக, விற்பவரிடம் அனுமதி வாங்கி ஓர் இரவு அந்த நிலத்தில் கூடாரம் போட்டுத் தங்குங்கள். வார நாளாக இருக்கட்டும். நாங்கள் கிட்டத்தட்ட முடிவுசெய்திருந்த ஓர் இடத்தில் அப்படித் தங்கினோம். இரவெல்லாம் நரி ஊளையும் ஆந்தைக் குரலும் தவிர வேறு சத்தமில்லை. பிள்ளைகள் நட்சத்திரம் எண்ணிக்கொண்டே தூங்கினார்கள். நாலே கால் மணிக்குத் தரை அதிர்ந்தது. ஆற்றோரக் குவாரியிலிருந்து சரளை ஏற்றிய லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக, விடியும்வரை. என் கணவர் டார்ச்சை அடித்து எண்ணினார். முப்பத்தெட்டு. கூடாரத்தைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு, கிழக்கே அடுத்த இடத்தைப் பார்க்கப் புறப்பட்டோம்.